மீதியை வெள்ளித்திரையில் காண்க: வாசகர் கேள்விகள், கதாசிரியை பதில்கள்

இருபது வாரமாக இந்தப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த என் தொடர்கதை போன இதழோடு முடிந்தது. படிக்காதவர்களுக்குச் சுருக்கம்: வருடம் 1974. காவிரிக் கரையில் ஒரு சிற்றூர், அதன் எல்லையில் ஒரு டெண்டுக் கொட்டகை. உரக்கடையில் கணக்கு எழுதும் தியாகு சரியான சினிமாப் பைத்தியம். கொட்டகை ஆபரேட்டரின் மகள் கோமதிக்கு சினிமா என்றாலே கொட்டாவி வரும். அவளை அவன் காதலிக்கிறான், அதுவும் சினிமாவில் கற்றுக்கொண்ட முறைப்படி. ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதங்களை அனுப்பி, "பதிலையும் நீங்களே எழுதிவிடுங்கள்" என்று கை கழுவிவிட்டார். 31 வருடம் தபால் நிலையத்தில் ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள் நான். எனக்கென்று வந்த கடிதங்களைப் பிரிக்கும்போது கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது.

காதல் கதைக்கு எதற்கு "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று தலைப்பு? கடைசி வாரம் வரை எனக்குப் புரியவில்லை.
*கல்லூரி மாணவி, நாமக்கல்*

உங்கள் பாட்டியிடம் கேட்டிருந்தால் முதல் வாரமே புரிந்திருக்கும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பாட்டுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. மட்டமான தாள், சில பக்கங்கள், அட்டையில் மை அப்பிய ஒரு படம். கொட்டகை வாசலிலேயே விற்பார்கள். நடிகர்கள் பெயர், பாடல் வரிகள் இவற்றோடு "கதைச் சுருக்கம்" என்று ஒரு பகுதியும் இருக்கும். கதை மளமளவென்று ஓடி, சிக்கல் முற்றும் இடத்தில் நின்றுவிடும். "கதாநாயகி என்ன ஆனாள்? வில்லனின் சூழ்ச்சி பலித்ததா?" என்று வரிசையாகக் கேள்விகள் வரும். பிறகு அந்தப் புகழ்பெற்ற வரி: மீதியை வெள்ளித்திரையில் காண்க. "காசை முழுசாக வாங்கிக்கொண்டு கதையைப் பாதிதான் தருகிறான்" என்று எங்கள் பாட்டி ஒவ்வொரு தடவையும் திட்டுவாள். அடுத்த படத்துக்கும் வாங்கி வரச் சொல்வாள்.

தியாகுவின் டிரங்குப் பெட்டியில் இப்படி 143 புத்தகங்கள் இருந்தன. அவன் கோமதிக்கு எழுதிய முதல் கடிதமும் அதே வார்ப்பில்தான் இருந்தது: நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், மூன்று கேள்விக்குறி, கடைசியில் அந்த வரி. கோமதி அதைத் திருப்பி அனுப்பினாள். பின்பக்கத்தில் பென்சிலால், "முதல் ரீலைக் காணோம்" என்று எழுதியிருந்தாள். பயல் தன் பெயரை எழுத மறந்திருந்தான்.

ஒரு படத்துக்கு ஒரு இடைவேளைதான். உங்கள் கதையிலோ ஒரே காட்சியில் மூன்று இடைவேளை வருகிறது. காதலர்களைச் சந்திக்கவைக்க இப்படியா இட்டுக்கட்டுவது?
*ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், திருச்சி*

ஐயா, நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம்கள். நொடிக்கு 24 பிரேம் ஓடவேண்டும். அப்படியானால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். 15 ரீல் படம் என்றால் இரண்டே முக்கால் மணி நேரம். நகரத்துத் தியேட்டரில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்றில் ஓடி முடிவதற்குள் அடுத்த ரீலை மற்றதில் மாட்டித் தயாராக வைத்திருப்பார்கள். பல டெண்டுக் கொட்டகைகளில் இருந்தது ஒற்றை இயந்திரம். மூன்று நான்கு ரீலை ஒட்டிப் பெரிய ஸ்பூலில் சுற்றி ஓட்டுவார்கள். அது தீர்ந்ததும் படத்தை நிறுத்தி, அடுத்ததை மாட்டி, வெளிச்சத்துக்காக எரிந்து குட்டையான கார்பன் குச்சியையும் மாற்றவேண்டும். அதற்குள் முறுக்குக்காரர் உள்ளே ஒரு சுற்று வந்துவிடுவார். இப்படி மூன்று இடைவேளைக்குக் குறையாது.

தியாகுவின் காதல் மொத்தமும் அந்த இடைவேளைகளில்தான் நடந்தது. முதல் இடைவேளையில் சோடா வாங்கும் சாக்கில் ஆபரேட்டர் அறைப் பக்கம் போவான். இரண்டாவதில் கோமதி அப்பாவுக்குத் தண்ணீர்ச் செம்போடு வருவாள். மூன்றாவதில் பேசலாம். ஆனால் அதற்குள் பேசவேண்டியதை மறந்துவிடுவான். ஒரே இடைவேளை விடும் தியேட்டரில் இந்தக் காதல் சோடாவோடு நின்றிருக்கும்.

தியாகுவைப் படிக்கும்போதெல்லாம் என் கணவர் ஞாபகம் வருகிறது. பெண் பார்க்க வந்தபோது என்னைப் பார்த்ததைவிட எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய நடிகர் படம் போட்ட காலண்டரைத்தான் அதிக நேரம் பார்த்தார். என்ன செய்வது?
*இல்லத்தரசி, விருதுநகர்*

காலண்டரைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அது போதும்.

14ஆம் வாரத்தில் தியாகு நீலச் சட்டையோடு கொட்டகைக்குள் போகிறான். 15ஆம் வாரத்தில் மஞ்சள் சட்டையோடு வெளியே வருகிறான். அது எப்படி?
*வங்கி ஊழியர், சேலம்*

சினிமாவில் இதைக் கவனிப்பதற்கென்றே ஓர் உதவி இயக்குநர் கையில் அட்டையோடு நிற்பார். எனக்கு இருப்பது ஒரு பூனை. நூலாக வரும்போது நீலமாக்கிவிடுகிறேன். இதே தவற்றை இன்னும் பதினொரு பேர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். கோமதி அழுத இடத்தைப் பற்றி எழுதியவர்கள் நான்கே பேர்.

தியாகு உரக்கடை முதலாளியிடம் தான் எடுக்கப்போகும் படத்தின் கதையைச் சொல்லும் அத்தியாயம் நாகேஷ் – பாலையா காட்சியின் நகல்தானே? ஒப்புக்கொள்ளுங்கள்.
*வாசகர், கோவில்பட்டி*

நகல் என்றால் சண்டைக்கு வருவேன். கடன் என்றால் தலை குனிந்து ஒப்புக்கொள்வேன். 1964இல் வந்த ஸ்ரீதரின் "காதலிக்க நேரமில்லை" படத்தில், சொந்தமாகப் படம் எடுக்கத் துடிக்கும் நாகேஷ் அப்பா பாலையாவை உட்காரவைத்துக் கதை சொல்வார். தமிழில் சினிமாப் பைத்தியத்தை வைத்து நகைச்சுவை எழுத உட்காரும் எவரும் அந்த வாசலைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

அந்தக் காட்சியைப் பல தடவை பார்த்தபின் எனக்கு ஒன்று பிடிபட்டது. நாகேஷ் செய்வதெல்லாம் கதவு கிறீச்சிடும் ஓசையும் காலடி ஓசையும்தான். கதையென்று பெரிதாக ஒன்றும் இல்லை. நம் வயிறு வலிப்பது பாலையாவின் முகத்தைப் பார்த்து. பைத்தியக்காரன் உளறினால் பாதிச் சிரிப்புதான் வரும். அதை ஒருவன் நம்பிக்கொண்டு கேட்கிறான் பாருங்கள், மீதிச் சிரிப்பு அவனிடம் இருக்கிறது. அதனால் என் அத்தியாயத்தில் தியாகுவைப் பேசவிட்டு, எழுத்தையெல்லாம் முதலாளியின் மேல் செலவழித்தேன். அவர் யூரியா மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார். கதாநாயகியின் தாய் இறக்கும் இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பிறகு, "அந்த அம்மாவுக்கு வைத்தியச் செலவு யார் கணக்கில்?" என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வி எனக்கு வர நான்கு நாள் ஆயிற்று.

தியாகுவின் சிறுவயதில் அவன் தண்ணீர் நிரப்பிய பல்பை வைத்துப் படம் காட்டுவதாக வருகிறது. நிஜமாகவே அப்படிச் செய்ய முடியுமா, கற்பனையா?
*பள்ளி மாணவன், பொள்ளாச்சி*

நிஜம்தான் தம்பி. என் பெரியம்மா மகன் எங்கள் வீட்டு நெல் அறையில் கோடை விடுமுறை முழுக்கக் காட்சி நடத்தினான். பியூஸ் போன பல்பின் அடிப்பகுதியைப் பெயர்த்து, உள்ளே இருக்கும் கம்பியையெல்லாம் எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அது லென்ஸ் ஆகிவிடும். முற்றத்தில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் கதவு இடுக்கு வழியாக உள்ளே அனுப்பவேண்டும். அந்த வெளிச்சத்தில் பிலிம் துண்டு, அதற்கு முன்னால் பல்பு, எதிர்ச் சுவரில் பெரியப்பாவின் வேட்டி. பிலிமைத் தலைகீழாகப் பிடிக்கவேண்டும், அப்போதுதான் திரையில் ஆள் நேராக நிற்பான். முதல் நாள் இது தெரியாமல் எங்கள் கதாநாயகி தலைகீழாக நின்றபடியே புன்னகை செய்தாள். சூரியன் நகர நகரக் கண்ணாடிக்காரனும் நகரவேண்டும், இல்லாவிட்டால் படம் வேட்டியைவிட்டு இறங்கிக் குதிருக்குப் போய்விடும். கண்ணாடிக்காரி நான்தான். அதனால் நான் ஒரு காட்சியும் பார்த்ததில்லை.

பல்பை உடைக்கப் போய்ப் பெரியம்மா மகனுக்கு உள்ளங்கையில் நான்கு தையல். நீ முயன்று பார்க்காதே. உன் அம்மா எனக்குக் கடிதம் எழுதுவார்.

நாள் முழுவதும் படம் ஓடும் இடத்தில் வளர்ந்த கோமதிக்கு சினிமா பிடிக்கவில்லை என்பதை நம்ப முடியவில்லை. எங்களுக்கெல்லாம் கிடைக்காத பாக்கியம் அல்லவா அது?
*வாசகி, தஞ்சாவூர்*

மிட்டாய்க் கடைக்காரர் மகள் ஜிலேபியை எப்படிப் பார்ப்பாள் என்று யோசியுங்கள்.

என் மாமா, அம்மாவின் அண்ணன், ஆபரேட்டராக இருந்தவர். பள்ளி விடுமுறையில் அவரோடு அந்த அறையில் இருந்திருக்கிறேன். கொட்டகைக்குத்தான் கீற்றுக் கூரை. தீப்பிடிக்கும் பயத்தால் ஆபரேட்டர் அறை மட்டும் தனியாகச் செங்கல்லில் கட்டியிருக்கும். சன்னல் கிடையாது. சுவரில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், ஒன்று இயந்திரம் பார்க்க, இன்னொன்று ஆள் பார்க்க. உள்ளே இரண்டு கார்பன் குச்சிகள் முனைக்கு முனை நெருப்பைக் கக்கிக்கொண்டிருக்கும். அவை எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும், அசந்தால் திரை மங்கிவிடும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். மாமா படத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. திரையின் வெளுப்பைத்தான் பார்ப்பார். நாயகி விஷம் குடிப்பாள், மாமா, "கொஞ்சம் மஞ்சளடிக்கிறது" என்று முணுமுணுத்தபடி திருகைத் திருப்புவார்.

அந்த அறையில் வளர்ந்தவள் கோமதி. தியாகுவுக்குப் படம் என்றால் முகங்கள். அவளுக்கு அது அறுந்துபோகக்கூடிய ஒரு நாடா. அறுந்தால் பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்டால் ஒட்டவேண்டும். ஒட்டும்போதெல்லாம் ஓரிரு பிரேம் போகும். பல ஊர் சுற்றி அடிபட்டு வந்த பிரதியில் பாட்டின் சரணம் பாதியில் தாவும். "நீங்கள் உருகி உருகிப் பாடுகிறீர்களே, அதில் நடுவே இரண்டு வரி எங்கள் வீட்டுக் குப்பையில் கிடக்கிறது" என்று அவள் தியாகுவிடம் சொல்லும் இடம் எனக்குப் பிடித்த இடம்.

இன்னொரு செய்தியும் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிலிமில் ஓர் உருவமும் அதற்கான குரலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஏறக்குறைய 20 பிரேம் தள்ளித்தான் குரல் பதிவாகியிருக்கும். இயந்திரத்தில் படம் காட்டும் இடம் ஒன்று, ஒலியைப் படிக்கும் இடம் அதற்குக் கீழே வேறொன்று. இரண்டுக்கும் நடுவே பிலிமை வளையவிட்டு மாட்டுவார்கள். அந்த வளைவு சரியாக இருந்தால்தான் உதடும் பேச்சும் சேரும். கூடினாலோ குறைந்தாலோ வாயை மூடியபின் வசனம் வரும்.

17ஆம் வாரம் தியாகு கோமதியின்முன் நின்று, பழைய படமொன்றின் வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வளைவு சரியில்லை, உதடு உங்களுடையது, குரல் வேறு யாருடையதோ. கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு வாருங்கள்" என்கிறாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. உரக்கடைக்குப் போய் அன்றைய வரவில் 20 ரூபாயைத் தப்பாக எழுதுகிறான். தொடர் முழுவதையும் அந்த ஒரு பேச்சுக்காகத்தான் எழுதினேன் என்றால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார். ஆனால் அப்படித்தான்.

கொட்டகையில் என்ன படம் ஓடியது என்று ஒரு வாரம்கூடச் சொல்லவில்லையே, ஏன்?
*வாசகர், ஆம்பூர்*

சொல்லியிருந்தால் இந்தக் கடிதக் கட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். ஒன்று வாத்தியார் கட்சி, மற்றொன்று நடிகர்திலகம் கட்சி. காதலைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது.

என் மகன் சினிமா சினிமா என்று அலைகிறான். நீங்களோ அந்தப் பைத்தியத்தைக் கொஞ்சுகிறீர்கள். அதனால் உருப்பட்டவர் யாராவது உண்டா?
*ஒரு தந்தை, கோயம்புத்தூர்*

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? உங்கள் ஊர் சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்தவர். 1905இல் துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில மௌனத் துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கினார். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அவர் வீட்டிலும் யாராவது "உருப்படுவானா?" என்று கேட்டிருப்பார்கள். 1914இல் உங்கள் ஊரில் வெரைட்டி ஹால் கட்டினார். இன்றும் அந்தப் பெயரில் தெரு இருக்கிறது. அடுத்த தடவை அந்த வழியாகப் போகும்போது மகனையும் அழைத்துப்போங்கள்.

அதற்காகப் பையனைச் சம்பளத்தை விடச் சொல்லிவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். தியாகு கடைசி வாரம் வரை உரக்கடைக் கணக்கை விடவில்லை. பைத்தியத்துக்கும் டிக்கெட் காசு வேண்டுமே.

தியாகுவுக்கு அந்தப் பெயர் வைத்ததில் உள்நோக்கம் உண்டா?
*வாசகர், புதுச்சேரி*

உண்டு. அவன் அப்பா தியாகராஜ பாகவதர் பக்தர். பாகவதர் நடித்த "ஹரிதாஸ்" சென்னை பிராட்வே தியேட்டரில் 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி கண்டதே, அந்த மூன்றுக்கும் ரயிலேறிப் போய் வந்தவர் அவர் என்று 3ஆம் வாரத்தில் வருகிறது. பைத்தியம் பரம்பரைச் சொத்து. தியாகு மதுரைக்குப் போய்த் தங்கம் தியேட்டரைப் பார்த்து வாய்பிளப்பதும் அந்த ரத்தம்தான். 1952இல் "பராசக்தி"யோடு திறந்த, 2500 பேருக்குமேல் உட்காரக்கூடிய அரங்கம். முந்நூறு பேர் மணலில் உட்காரும் கொட்டகையிலிருந்து போனவனுக்கு எப்படி இருக்கும்! அவன் படத்தைப் பார்க்காமல் திரும்பித் திரும்பி நாற்காலி வரிசைகளை எண்ணிக்கொண்டிருந்தான். அந்தத் தியேட்டரையும் இப்போது இடித்தாகிவிட்டது.

நாட்டில் எத்தனையோ பிரச்சினை இருக்க, இருபது வாரம் காதலும் சிரிப்புமாக வீணடித்துவிட்டீர்கள்.
*பெயர் எழுதாதவர்*

இருபது வாரமும் படித்திருக்கிறீர்கள். நன்றி.

நானும் ஒரு காதல் கதை எழுதுகிறேன். என் கதாநாயகன் கைப்பேசியில் படம் பார்க்கிறவன். கொட்டகை, மணல், இடைவேளை எதுவும் இல்லை. சுவையே வரவில்லை. என்ன செய்யலாம்?
*இளம் எழுத்தாளர், திருநெல்வேலி*

கொட்டகையை நினைத்து ஏங்காதீர்கள். அது சுகமான இடம் ஒன்றுமில்லை. மூட்டைப்பூச்சி, பீடிப் புகை, முன்னால் மணலைக் குவித்து மேலேறி உட்கார்ந்துகொள்ளும் ஆள், ஆண் பெண் பகுதிக்கு நடுவே தடுப்பு. மழை வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எனக்கு அந்த இடத்தின் அசௌகரியம் முழுவதும் தெரியும், அதனால் அதை எழுதினேன்.

உங்கள் பையன் எங்கே உட்கார்ந்து பார்க்கிறான்? சார்ஜர் ஒயர் எட்டும் தூரத்தில்தானே? வீட்டில் அப்படிப்பட்ட இடம் எது, அங்கே யார் யார் குறுக்கே வருகிறார்கள்? ஒரு காதொலிக் கருவியை இரண்டு பேர் ஆளுக்கொரு காதாகப் பங்கிட்டுக்கொண்டால் ஒருவருக்கு இடது பக்க ஓசை மட்டும்தான் கேட்கும். அவன் சிரிக்கும் இடத்தில் அவள் ஏன் சிரிக்கவில்லை? எனக்கு வயதாகிவிட்டது, இல்லாவிட்டால் இதை உங்களுக்குத் தந்திருக்க மாட்டேன்.

கடைசி வாரத்தில் கீற்று ஒழுகும் மழையில் தியாகுவும் கோமதியும் ஒரு டிக்கெட் மேசைக்கு அடியில் ஒதுங்குவதோடு முடித்துவிட்டீர்கள். கல்யாணம் ஆயிற்றா இல்லையா? "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று சொல்லித் தப்பிக்கவேண்டாம்.
*ஏழு தோழியர், மகளிர் விடுதி, மதுரை*

ஏழு பேர் கையெழுத்துப் போட்டபின் தப்பிக்க முடியுமா? ஆயிற்று. தை மாதம், கோமதி வீட்டு வாசலிலேயே பந்தல். 21ஆம் அத்தியாயம் ஒன்று எழுதித்தான் கொடுத்தேன். தீபாவளி விளம்பரங்கள் வந்து அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டன. அதில் நடப்பது இவ்வளவுதான்.

கல்யாணம் முடிந்த நான்காம் நாள் இருவரும் கும்பகோணத்துக்குப் படம் பார்க்கப் போகிறார்கள். இரட்டை இயந்திரத் தியேட்டர், ஒரே இடைவேளை, பக்கத்துப் பக்கத்து நாற்காலி, நடுவே தடுப்பு கிடையாது. தியாகு இதற்காகப் பல வருடம் காத்திருந்தவன். கோமதியோ கழுத்தைத் திருப்பி, பின்சுவரில் வெளிச்சம் வரும் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே இருக்கும் ஆள் சாப்பிட்டிருப்பாரா என்று கேட்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் விலாவில் இடிக்கிறாள். "வலது பக்க மேல் மூலையைப் பாருங்கள், ஒரு புள்ளி வரும். வந்து ஏழெட்டு நொடியில் இன்னொன்று வரும். அப்போது அவர் அடுத்த இயந்திரத்துக்கு மாற்றுவார்."

புள்ளி வந்தது, கண்ணிமைப்பதற்குள் போனது. தியாகு ஒன்று, இரண்டு என்று எண்ணினான். எட்டு எண்ணுவதற்குள் இரண்டாவது புள்ளியும் வந்தது. கோமதி, "மாற்றிவிட்டார்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, அவன் தோளில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். திரையில் யாரோ யாருக்கோ ஏதோ சத்தியம் செய்துகொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அடுத்த புள்ளிக்காக வலது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.